மனப்பலகையும் முதுமையும்

ஒரு வீட்டின் மாலை நேரம். தம் ஓய்வூதியக் கணக்கைத் திறப்பதற்காகத் தாத்தா கணினியின்முன் அமர்ந்திருக்கிறார். அவருடைய கைப்பேசிக்கு ஆறு இலக்க ஓடிபி எண் வருகிறது. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தி அதனை ஒரே மூச்சில் படித்துச் சொல்கிறாள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா மூன்று இலக்கங்களைத் தட்டுகிறார். நான்காவதில் விரல் நின்றுவிடுகிறது. "இன்னொரு தடவை சொல்லம்மா" என்கிறார். அவள் சொல்கிறாள், மீண்டும் நான்காவதில் விரல் நிற்கிறது. "எத்தனை தடவை சொல்றது, தாத்தா!" என்று அவள் சலித்துக்கொள்வதற்குள் எண்ணுக்குரிய காலம் முடிந்துவிடுகிறது.

இதே தாத்தா, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நிலத்தின் நான்கு எல்லைகளையும் பத்திரத்தைப் பாராமலே சொல்வார். பள்ளியில் மனனம் செய்த வெண்பாக்களை இன்றும் அடி பிறழாமல் ஒப்பிப்பார். ஆறு இலக்கங்கள் அரை நிமிடம் தங்காத மனத்தில் அறுபது ஆண்டுக்கு முந்தைய பாட்டு எவ்வாறு தங்கியிருக்கிறது? நாம் 'மறதி' என்னும் ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் அவ்வாறு அடக்குவதில்லை.

எழுதி அழிக்கும் பலகை

நினைவு என்பது ஒன்றன்று. ஆண்டுக்கணக்கில் செய்திகளைச் சேமித்து வைப்பது நீண்டகால நினைவு. ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை அதற்குத் தேவையான செய்திகளை மட்டும் சில நொடிகள் ஏந்தி வைத்திருப்பது செயல்நினைவு. முன்னதை நூலகம் என்றால், பின்னதைச் சிலேட்டுப் பலகை எனலாம். எழுதுகிறோம், கணக்கிடுகிறோம், அழிக்கிறோம், மீண்டும் எழுதுகிறோம். தாத்தாவின் வெண்பா நூலகத்தில் இருக்கிறது. ஓடிபி எண்ணோ பலகையில் எழுதப்பட வேண்டியது.

இப்பலகை மிகச் சிறியது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், ஒரு நேரத்தில் மனம் ஏறத்தாழ ஏழு செய்திகளையே தாங்கும் என்றும், ஆளுக்கு ஆள் அதில் இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் 1956ஆம் ஆண்டு எழுதினார். திரும்பச் சொல்லிப் பார்த்தல் முதலிய உத்திகளுக்கு இடம் தராமல் அளந்தால் அந்த அளவு நான்கு என்ற அளவிலேயே நிற்கும் என நெல்சன் கோவன் 2001இல் காட்டினார். இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், 1974இல், ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் ஆகிய பிரிட்டானிய அறிஞர்கள், இப்பலகை வெறும் சேமிப்பிடம் அன்று என்பதை எடுத்துரைத்தனர். ஒலிகளை ஏந்த ஒரு பகுதி, காட்சிகளை ஏந்த ஒரு பகுதி, எதைக் கவனிப்பது எதை விடுவது என முடிவுசெய்யும் தலைமைப் பகுதி ஒன்று என அவர்கள் அதனை வகுத்தனர். இம்மூன்றனுள் தலைமைப் பகுதியை நினைவில் கொள்ளுங்கள். முதுமையைப் பற்றிப் பேசும்போது அதுவே திரும்பத் திரும்ப வரும்.

தமிழ் படிப்பவர்க்கு இதை விளக்க வெளியில் சான்று தேட வேண்டியதில்லை. நம் மொழியில் வினைமுற்று தொடரின் இறுதியில் வருகிறது. எழுவாயையும் இடையில் அடுக்கி வரும் வினையெச்சங்களையும் மனத்தில் ஏந்திக்கொண்டே முற்றுக்காகக் காத்திருக்கிறோம். நீண்ட உரைநடைத் தொடரை முதுமையில் இருமுறை படிக்க நேர்வதற்குக் கண்பார்வை மட்டும் காரணமன்று.

வெண்பாவுக்கு அலகிடுவதை எண்ணிப் பாருங்கள். நின்ற சீரின் ஈற்றசையை மனத்தில் வைத்துக்கொண்டு, வருஞ்சீரை அசை பிரித்து, அதன் முதலசையோடு பொருத்தித் தளை காண வேண்டும். புதிதாகக் கற்பவர்க்கு நேர், நிரை என ஒவ்வோர் அசையும் தனித்தனிச் செய்தி. பலகை விரைவில் நிரம்பிவிடுகிறது. பழகியவர்க்கோ 'கூவிளம்' என்பது ஒரே செய்தி. இவ்வாறு பலவற்றை ஒரு கொத்தாகக் கட்டிக்கொள்வதால் பலகை பெரிதாவதில்லை, எழுதுவதுதான் சுருங்குகிறது. மில்லரின் கட்டுரையிலும் பெரும் பங்கு இந்தக் 'கொத்து' பற்றியதே.

நெற்றிக்குப் பின்னால்

பலகை மூளையின் எப்பகுதியில் உள்ளது? ஒரே இடத்தில் இல்லை. எனினும் நெற்றிக்கு நேர் பின்னால் உள்ள முன்நெற்றிப் பகுதிக்கு இதில் தலையாய பங்கு உண்டு. 1971இல் ஹோவாக்கின் ஃபுஸ்டர் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இடங்களுள் ஒன்றில் உணவு மறைத்து வைக்கப்படும். பின்னர் ஒரு திரை இறங்கும். சில நொடிகள் கழித்துத் திரை விலகியதும் குரங்கு சரியான இடத்தைத் தொட வேண்டும். திரை மூடியிருந்த அந்தச் சில நொடிகளில், காண்பதற்கு எதுவும் இல்லாத அந்த இடைவெளியில், முன்நெற்றிப் பகுதியின் சில நரம்புச் செல்கள் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. கண்ணுக்கு மறைந்த பொருளை அத்துடிப்பே ஏந்தி நின்றது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுக்குழு இளைய, நடுவயது, முதிய குரங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முதிய குரங்குகளில் அந்த இடைவெளித் துடிப்பு தளர்ந்திருந்தது. வயது ஏற ஏறத் துடிப்பைத் தணிக்கும் பொட்டாசியம் வாயில்கள் நரம்புச் செல்லில் மிகுதியாகத் திறந்துகொள்வது இதற்கு ஒரு காரணம் எனத் தெரிந்தது. அவ்வாயில்களை மூடச்செய்யும் மருந்தைச் செல்லின் அருகே செலுத்தியபோது துடிப்பு ஓரளவு மீண்டது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் செல்கள் இறந்துவிடவில்லை. அவற்றின் குரல் தாழ்ந்திருந்தது. 'வயதானால் மூளைச் செல்கள் செத்துப்போகும்' என்று பேச்சுவாக்கில் சொல்லப்படுவது, இயல்பான முதுமையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் மிகைக்கூற்றே.

உங்கள் வயதுக்குரிய செய்தியும் இதில் உள்ளது. மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. புலன்களையும் உடலசைவையும் ஆளும் பகுதிகள் முந்துகின்றன. முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமை எய்துகிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை படிந்து செய்திப் போக்கை விரைவுபடுத்தும் பணி அங்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே பேத்தியின் பலகை இன்னும் செதுக்கப்பட்டு வருவது. தாத்தாவின் பலகை தேய்ந்து வருவது. இடைப்பட்ட உச்சம் எப்போது? ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்ன், லாரா ஜெர்மைன் ஆகியோர் பல்லாயிரவரிடம் திரட்டிய சோதனை முடிவுகளை 2015இல் வெளியிட்டனர். செய்தியைக் கையாளும் வேகம் இருபது வயதுக்கு முன்பே உச்சம் தொடுகிறது. செயல்நினைவு முப்பது வயதையொட்டி உச்சம் பெற்றுப் பின்னர் மெல்ல இறங்குகிறது. சொல்வளமோ அறுபதைக் கடந்தும் ஏறுகிறது.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பத்தாம் வகுப்பில் அறிந்திருப்பீர்கள். 1874இல் பிறந்த அவர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தி விடையளித்தபோது அவருக்கு வயது 32. வயது மட்டும் அச்செயலைச் செய்துவிடாது. நெடுநாள் பயிற்சியும் யாப்பறிவும் கட்டித் தந்த கொத்துகளே அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். ஆயினும் அவர் அவையேறிய வயது, ஆய்வாளர் கூறும் உச்சத்தோடு ஒத்திருப்பதைக் காணும்போது வியப்புத் தோன்றுகிறது.

எதிர்பாராத ஒளி

உயிருள்ள மனிதரின் மூளை வேலை செய்வதை வெளியிலிருந்து காண இயலும் என்பதே சென்ற நூற்றாண்டின் பேறு. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். பின்னர் பாசிட்ரான் உமிழ்வுப் படமுறை வந்தது. 1990இல் செய்ஜி ஒகாவா, குருதியில் உள்ள ஆக்சிஜன் அளவின் மாற்றத்தைக் காந்தப் படமுறையால் அறியலாம் எனக் காட்டினார். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. எந்தப் பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. படங்களில் சிவப்பும் மஞ்சளுமாக நாம் காண்பது மூளைக்குள் எரியும் விளக்கு அன்று. ஒரு நேரத்துக் குருதியோட்டத்தை இன்னொரு நேரத்ததோடு ஒப்பிட்டுக் கணினி தீட்டிய நிறம். நாளிதழ்களில் அப்படங்களைப் பார்க்கும்போது இதனை மறந்துவிடலாகாது.

முதியோர் மூளையைப் படமெடுத்தால் ஒளி குன்றியிருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். சில பகுதிகளில் அவ்வாறே இருந்தது. முன்நெற்றிப் பகுதியிலோ நேர்மாறான காட்சி தென்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா ராய்ட்டர் லோரன்சும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது. இளைஞர்கள் எழுத்துகளை மனத்தில் ஏந்தியபோது இடப்பக்க முன்நெற்றியும், புள்ளிகள் இருந்த இடங்களை ஏந்தியபோது வலப்பக்க முன்நெற்றியும் மிகுதியாக இயங்கின. முதியோர்க்கோ எழுத்தானாலும் இடமானாலும் இருபக்கமும் சேர்ந்து இயங்கின. இளமையில் ஒரு கையால் தூக்கிய குடத்தை முதுமையில் இரு கைகளாலும் தூக்குவதுபோல.

இதற்கு விளக்கம் சொல்வதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். குறையை ஈடுசெய்ய மூளை தானே துணையைச் சேர்த்துக்கொள்கிறது என்பது ஒரு சாரார் கருத்து. இல்லை, இளமையில் இது இன்ன வேலைக்கு எனத் தெளிவாகப் பிரிந்திருந்த பகுதிகள் அத்தெளிவை இழக்கின்றன என்பது மற்றொரு சாரார் கருத்து. வாய்க்காலின் கரை உடைந்தால் நீர் பக்கத்து வயலிலும் பரவும். அப்பரவலைப் பாசனம் என்று மயங்கக்கூடாது என்பது அவர்கள் எழுப்பும் தடை.

ராபர்ட்டோ கபேசா 2002இல் இவ்வழக்கில் ஒரு நல்ல சாட்சியத்தை முன்வைத்தார். அவர் முதியோரை ஒரே கூட்டமாகக் கொள்ளவில்லை. நினைவுத் தேர்வில் இளைஞர்க்கு இணையாகச் செய்தவர், பின்தங்கியவர் என இரு பிரிவாக்கினார். பின்தங்கிய முதியோரின் மூளை இளைஞரின் மூளையைப் போலவே ஒருபக்க முன்நெற்றியையே நம்பி உழைத்தது. நன்கு செய்த முதியோரின் மூளையே இருபக்கத்தையும் பயன்படுத்தியது. பரவல் வெறும் உடைப்பானால், மிகுதியாகப் பரவியவர் பின்தங்கியிருக்க வேண்டுமே! பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் கபேசாவின் முடிவையே எட்டவில்லை. வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதியவரின் மூளை இளைஞரின் மூளையைப் போல இயங்குவதே நல்லது என்னும் எண்ணத்தை இந்த ஓர் ஆய்வே அசைத்துவிட்டது என்பது என் கருத்து.

இந்தத் துணைக்கும் எல்லை உண்டு. 2008இல் ராய்ட்டர் லோரன்சும் கேத்தரின் கேப்பலும் அதனை விளக்கினர். எளிய வேலைக்கே முதிய மூளை கூடுதல் பகுதிகளை இறக்கிவிடுகிறது. வேலை கடினமாகும்போது இளைஞரிடம் சேமிப்பில் ஆற்றல் உள்ளது. முதியவரிடம் இருந்தது முன்பே செலவாகிவிட்டது. எனவே ஓர் அளவுவரை இளைஞருக்கு ஈடாகச் செய்பவர், அவ்வளவைத் தாண்டியதும் சட்டெனத் தடுமாறுகிறார். தாத்தா மூன்று இலக்கங்களைத் தயங்காமல் தட்டி நான்காவதில் நின்றதற்குப் பொருள் இப்போது விளங்கும். அவர் கவனிக்காமல் இருந்துவிடவில்லை. அந்த மூன்று இலக்கங்களுக்கே, பேத்தி ஆறு இலக்கங்களுக்குச் செலவிடும் உழைப்பை அவர் செலவிட்டிருக்கக்கூடும்.

வேண்டாதவற்றின் நுழைவு

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆசிரியர்கள் மதிப்பெண்களை மனத்துக்குள்ளேயே கூட்டிச் செல்வது வழக்கம். ஒவ்வொரு வினாவுக்குரிய மதிப்பெண்ணையும் கண் பார்க்க, அதுவரையிலான கூட்டுத்தொகையை மனம் ஏந்தி வரும். முப்பது வயதில் பக்கத்து மேசைப் பேச்சு என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. ஐம்பதைக் கடந்த பின், யாரோ யாரிடமோ தேநீர் வந்ததா என்று கேட்டால் போதும். கூட்டுத்தொகை கலைந்து, முதல் வினாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என் பலகை சிறுத்துவிட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

ஆடம் கசாலியும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது வேறொரு விளக்கம் கிடைத்தது. அவர்கள் மனித முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் மாறிமாறிக் காட்டி, 'முகங்களை நினைவில் கொள்ளுங்கள். காட்சிகளை விட்டுவிடுங்கள்' என்றனர். வேறொரு சுற்றில் இதனை மாற்றிச் சொன்னார்கள். வேண்டியதன்மேல் கவனத்தைக் கூட்டுவதில் முதியோர் இளைஞருக்குக் குறைந்தவர் அல்லர். வேண்டாததை அடக்குவதிலேயே வேறுபாடு தெரிந்தது. விட்டுவிடச் சொன்ன காட்சிகளும் முதியோர் மூளையில் இடம்பிடித்துக்கொண்டன. முன்னர்க் கண்ட தலைமைப் பகுதி வாயிற்காவலர் போன்றது. வருவோரை வரவேற்பதில் அதற்குத் தளர்ச்சி இல்லை; வேண்டாதவரைத் தடுப்பதில்தான் தளர்ச்சி. பலகை சிறுத்தது ஒருபுறம் இருக்க, தேநீரும் அதில் எழுதப்பட்டுவிடுகிறது என்பதே என் சிக்கல்.

வேகக் குறைவும் இதனோடு சேர்கிறது. திமத்தி சால்ட்ஹவுஸ் 1996இல் வலியுறுத்திய கருத்து இது: மனத்தின் ஒவ்வொரு படியும் மெதுவாவதால், பின்படி முடிவதற்குள் முன்படியில் எழுதியது மங்கிவிடுகிறது. செவித்திறன் குறைந்தவர்க்கு நிலை இன்னும் கடினம். என்ன ஒலி அது என்று தேறுவதற்கே பலகையின் பாதி செலவாகிவிட, அதைப் பொருளோடு ஏந்த இடம் எங்கே? தாத்தாவுக்கு மறதி என்று வீட்டார் முடிவு கட்டிய சில இடங்களில் உண்மையில் தேவைப்பட்டது காதுக்கான பரிசோதனையாக இருக்கலாம்.

அளப்பதில் உள்ள பிழை

வயது ஏறும்போது அறிவு எவ்வளவு இறங்குகிறது என அளக்க, இன்றைய இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒருங்கே தேர்வெழுத வைத்தால் போதும் எனத் தோன்றும். வார்னர் ஷாயி 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. ஒரே மனிதரை ஆண்டுகள் பல கடந்து மீண்டும் மீண்டும் சோதித்தபோது, பல திறன்களில் சரிவு அறுபதையொட்டியே தொடங்குவது தெரிந்தது. ஒரே நாளில் இரு தலைமுறையை ஒப்பிடும்போது சரிவு மிகுதியாகத் தோன்றியதற்கு வயது மட்டும் காரணமன்று. இரு தலைமுறையினரும் பெற்ற கல்வியும் ஊட்டமும் வெவ்வேறு. நம் நாட்டில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பாட்டியிடம் தாளையும் எழுதுகோலையும் கொடுத்துச் சோதித்துவிட்டு, அவர் பெற்ற குறைந்த மதிப்பெண்ணை முதுமையின் கணக்கில் எழுதுவது அளவையே பிழையாக்கும்.

நோயையும் முதுமையையும் ஒன்றாகக் கருதுவது இன்னொரு பிழை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் எனத் தேடுவது இயல்பு. கண்ணாடி எதற்குப் பயன்படும் என்பதே தெரியாமல் திகைப்பதும், நாள்தோறும் சென்ற தெருவில் வழி தவறுவதும் இயல்பல்ல. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய் பின்னதைச் சார்ந்தது. அத்தகைய குறிகளை 'வயதாகிவிட்டது' என்று கடந்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயிற்சியால் பலகையைப் புதுப்பிக்க முடியுமா? கசாலியின் குழு 2013இல், 60 முதல் 85 வயது வரையிலானோரை ஒரு கணினி விளையாட்டில் ஒரு மாதம் பழக்கியது. வளைந்து செல்லும் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே குறிப்பிட்ட அடையாளங்களுக்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். பயின்றோர் பயிலாத இருபது வயதினரை விஞ்சினர். அத்தேர்ச்சி ஆறு மாதங்கள் நீடித்தது. இதைக் கொண்டு, விற்பனைக்கு வரும் எல்லா 'மூளைப் பயிற்சி' செயலிகளையும் நம்பிவிடக்கூடாது. பெரும்பாலான பயிற்சிகள் பழகிய விளையாட்டிலேயே தேர்ச்சி தருகின்றன. அங்காடிக் கணக்குக்கு அது வந்து உதவுவது அரிது. நடைப்பயிற்சிக்கான சான்று கவனிக்கத்தக்கது. 2011இல் வெளியான ஆய்வொன்றில் 120 முதியோர் பங்கேற்றனர். ஓராண்டு ஒழுங்காக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு அளவு பெருத்திருந்தது. இப்பகுதி நீண்டகால நினைவுக்குப் புதிய செய்திகளைச் சேர்ப்பது. நடைக்குப் பதிலாக உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்க்கு அது சற்றுச் சுருங்கியது.

வீட்டுக்குத் திரும்புவோம். மறுநாள் மாலை. பேத்தி முதலில் தொலைக்காட்சியை நிறுத்துகிறாள். தாத்தாவின் எதிரே அமர்ந்து, எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, முதற்பாதியை அவர் தட்டி முடித்த பிறகே மறுபாதியைச் சொல்கிறாள். கணக்குத் திறந்துகொள்கிறது. வந்த தொகையைச் சரிபார்த்த பின் தாத்தா அவளுடைய தமிழ்க் குறிப்பேட்டைப் புரட்டுகிறார். அலகிடச் சொல்லியிருந்த வெண்பா இரண்டாம் அடியிலேயே நின்றுபோயிருக்கிறது. "எங்கம்மா நிக்குது?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல், விரல்விட்டு எண்ணிக்கொண்டே வாய்பாடுகளை அடுக்கத் தொடங்குகிறார். அவள் எழுதுகோலை எடுப்பதற்குள் மூன்றாம் அடிக்குப் போய்விடுகிறார்.

"தாத்தா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்கிறாள் அவள்.